மழைக்கு மணல், வெயிலுக்குச் சாக்: இங்கிலாந்துக் குன்றுகளில் கிராவல் சைக்கிள்

கேள்வி: தார்ச்சாலையிலும் கப்பி, மண் பாதைகளிலும் ஓடும் கிராவல் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். 40 மி.மீ. டயர், முன்னால் பெடலோடு சுழலும் ஒற்றை 40 பல் சக்கரம் (செயின்ரிங்), பின்னால் 11 முதல் 42 பல்வரையிலான சக்கரத் தொகுதி (கேசட்). இங்கிலாந்தின் குன்றுப் பகுதிகளில் எந்தப் பாதைகள் இதற்குச் சரிப்படும்? செயலி 60 கி.மீ. என்று காட்டிய ஒரு பாதை முழு நாளையும் விழுங்கிவிட்டது. பல இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போனேன். தெற்கே குன்று முகட்டில் போகும் சவுத் டவுன்ஸ் வே என்னும் நெடும்பாதையை இரண்டு நாளில் முடிக்க ஆசை. முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கிலோமீட்டரைப் பார்த்துப் பாதை எடுப்பதை முதலில் விட வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பாதை எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: அங்கே சைக்கிள் ஓட்ட உரிமை உண்டா, காலுக்குக் கீழே என்ன மண், சரிவு எவ்வளவு. தூரம் நாலாவதுதான்.

உரிமையிலிருந்து தொடங்குவோம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ எங்கும் பொறுப்போடு சைக்கிளில் போக வழி தருகிறது. எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்தால் கதையே வேறு. இங்கே பொதுவழிகள் நான்கு வகை. ஃபுட்பாத் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே என்பது குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம் சைக்கிளையும் அதில் அனுமதித்தது, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ரெஸ்ட்ரிக்டட் பைவேயில் மோட்டார் வாகனம் கூடாது, சைக்கிள் போகலாம். எல்லா வாகனங்களுக்கும் திறந்த பைவே நாலாவது. வழிக்கம்பத்தில் இருக்கும் அம்பின் நிறமே அடையாளம்: மஞ்சள் ஃபுட்பாத், நீலம் பிரைடில்வே, ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு பைவே. மஞ்சளைக் கண்டால் அது உங்கள் வழியல்ல. வழியில் ஏறிக் கடக்கும் மரப்படி, அதாவது ஸ்டைல், குறுக்கே வந்தாலும் அப்படித்தான். குதிரை ஸ்டைல் ஏறாது. ஆகவே பிரைடில்வேயில் ஸ்டைல் இருக்காது. சைக்கிளைத் தூக்கி வேலிக்கு மேல் கொடுக்கிற நிலை வந்தால், எங்கோ ஒரு திருப்பத்தைத் தவறவிட்டீர்கள் என்று பொருள்.

ஃபுட்பாத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலும் அது குற்றம் அல்ல, நிலத்துக்காரருக்கு எதிரான அத்துமீறல். சில இடங்களில் உள்ளூர் விதிகள் அதைக் குற்றமாகவும் ஆக்கியிருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது பற்றிச் சட்டத்தில் தெளிவில்லை. இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போனால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். திட்டத்திலேயே ஐந்து கி.மீ. ஃபுட்பாத் இருப்பது வேறு விஷயம்.

உங்கள் செயலி இங்கேதான் ஏமாற்றியிருக்கும். ஓட்டியவர்களின் தடங்களைச் சேர்த்து நிறம் பூசும் வரைபடங்கள் 'இங்கே பலர் போயிருக்கிறார்கள்' என்று மட்டும் சொல்லும்; போகலாமா என்பது அவற்றுக்குத் தெரியாது. தானாகப் பாதை வரையும் செயலிகள், தன்னார்வலர்கள் தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவை நம்பியிருப்பவை. அதில் ஒரு பாதையின் தரைப்பரப்பு குறிக்கப்படாமல் இருந்தால், உழுத வயல் ஓரமும் கெட்டியான கப்பிச் சாலையும் ஒரே மாதிரிக் கோடாகத்தான் தெரியும். செயலியில் வரைந்த பாதையை, அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தோடு ஒரு முறை ஒப்பிடுங்கள். அதில் பச்சைக் குறுங்கோடுகள் ஃபுட்பாத், பச்சை நெடுங்கோடுகள் பிரைடில்வே, கூட்டல்குறி கோத்ததுபோல் பச்சையில் வருவது பைவே. ஆரஞ்சுக் கோடுகள் நிலத்துக்காரர் மனமுவந்து விட்ட வழிகள். அவற்றில் சைக்கிளுக்கு இடமுண்டா என்று வாசலில் உள்ள பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

சரிவையும் அந்த வரைபடத்திலேயே படித்துவிடலாம். 1:25,000 அளவில் 4 மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். மலை உயரமில்லாத பகுதிகளில் சமவுயரக் கோடுகள் 5 மீட்டருக்கு ஒன்று. எனவே பாதையின் 4 மில்லிமீட்டர் நீளத்துக்குள் மூன்று கோடுகள் குறுக்கே போனால் 15 சதவீத ஏற்றம், நான்கு போனால் 20. தார்ச்சாலையின் மேல் ஒற்றை அம்புமுனை இருந்தால் 14 முதல் 20 சதவீதம், இரட்டை அம்புமுனை 20க்கு மேல். உயரமான பகுதிகளின் தாள்களில் கோடு இடைவெளி 10 மீட்டராக மாறும். தாளின் ஓரக்குறிப்பைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் பாதி ஏற்றம் காணாமல் போய்விடும்.

நேரக் கணக்குக்குச் சுமாரான ஒரு வாய்ப்பாடு: காய்ந்த பாதையில் மணிக்கு 16 கி.மீ., ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 6 நிமிடம் கூடுதல், ஒவ்வொரு கேட்டுக்கும் அரை நிமிடம். உங்கள் 60 கி.மீ. பாதையில் 1,300 மீட்டர் ஏற்றமும் 30 கேட்டும் இருந்ததாக வையுங்கள். மூன்றே முக்கால் மணி, அதோடு 78 நிமிடம், அதோடு 15 நிமிடம்: ஐந்தே கால் மணியைத் தாண்டிவிட்டது. சாப்பாடு, பஞ்சர், வழி பார்ப்பது சேர்த்தால் ஆறரை. சேறு இருந்தால் ஓடும் நேரத்தில் பாதியை மேலே போடுங்கள். நாள் போனதில் மர்மம் ஒன்றுமில்லை.

இனி மண். இதுதான் இந்த நாட்டில் மிக முக்கியமானது. பாதை பற்றிய பேச்சில் மிகக் குறைவாக வருவதும் இதுதான்.

தெற்கு இங்கிலாந்தின் டவுன்ஸ் குன்றுகள் சாக் பாறையால் ஆனவை. சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்த அதே வெண்கல். தண்ணீர் அதில் நிற்காது, உள்ளே இறங்கிவிடும். ஆகவே மழை விட்ட இரண்டு மூன்று நாளில் முகடு காய்ந்து கெட்டியாகி, கிராவல் சைக்கிளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதோ கதை தலைகீழ். மேல்தோல் மட்டும் கரைந்து மெல்லிய வெள்ளைப் பசையாகி, அடியில் கெட்டிக் கல் இருக்க, ஈரச் சோப்பின் மேல் ஓட்டுகிற மாதிரி ஆகிவிடும். இதில் டயரின் முள் எதுவும் பிடிக்காது, ஏனென்றால் முள் இறங்க ஆழமே இல்லை. பைவேக்களில் டிராக்டரும் ஜீப்பும் வெட்டிய பள்ளத்தடங்கள் வேறு. தடத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால் பக்கவாட்டில் ஏற்ற முயலாதீர்கள், அங்கேதான் விழுவார்கள். தடம் ஆழம் குறையும் இடம்வரை அதிலேயே போய், அங்கே முன்சக்கரத்தைச் செங்குத்தாகத் திருப்பி ஏற்ற வேண்டும்.

சாக்கோடு கூடவே வருவது சக்கிமுக்கிக்கல். உடைந்தால் கண்ணாடிச் சில்லு போன்ற விளிம்பு. மழைக்குப் பிறகு மண் கழுவப்பட்டு இந்த விளிம்புகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஈரம் மசகுபோல் வேலை செய்வதால் ரப்பரை இன்னும் எளிதாக வெட்டும். நடுப்பகுதியில் குத்தினால், டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும். டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் அடைக்காது. டவுன்ஸில் பாதியில் நின்ற பயணங்களுக்கு இதுவே வழக்கமான காரணம். பல குன்றுகளின் தலையில், மரங்கள் அடர்ந்த இடங்களில், சாக்குக்கு மேல் சக்கிமுக்கி கலந்த களிமண் தொப்பி போல் படிந்திருக்கும். வரைபடத்தில் முகட்டின் மேல் காடு என்று இருந்தால், அங்கே சேறு கடைசியாகத்தான் காயும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரேயின் ஹீத் எனப்படும் புதர்வெளி நிலங்களும் சரே ஹில்ஸின் பல பகுதிகளும் மணற்பாங்கு. இவை சாக்குக்கு நேர் எதிர். நீண்ட வெயிலுக்குப் பின் மணல் பொடிந்து முன்சக்கரத்தை விழுங்கும். மழை பெய்து இறுகினால் அருமையாக ஓடும். மழைக்கு மணல், வெயிலுக்குச் சாக் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் தெற்கு இங்கிலாந்தில் பாதித் தவறுகள் குறையும். இரண்டுக்கும் நடுவே வீல்ட் என்னும் தாழ்நிலம் கிடக்கிறது. பெரும்பகுதி களிமண். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே பிரைடில்வே பக்கமே போகாதீர்கள். குதிரைகள் மிதித்துக் கடைந்த களி, சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அடைத்து, சைக்கிள் உருளவே மறுக்கும். அந்த நிலையில் பெடலை மிதித்து வெல்ல நினைப்பது பெரிய பிழை. களியில் ஒட்டிய புல்லும் குச்சியும், கியர் மாற்றும் பின் டிரெய்லியரின் சிறு சக்கரங்களுக்குள் போய்ச் சிக்கும், டிரெய்லியர் ஸ்போக்குக்குள் இழுபடும், அதை ஃப்ரேமோடு பிணைக்கும் ஹேங்கர் முறியும். இறங்கி, குச்சியால் சுரண்டி, ஓரப் புல்லில் உருட்டுங்கள். உங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். அது மாடலுக்கு மாடல் மாறும், கிராமத்துக் கடையில் கிடைக்காது.

வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட், 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. அதன் தெற்குப் பாதி வெள்ளை பீக், சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். வடக்குப் பாதி கருப்பு பீக், கிரிட்ஸ்டோன் மணற்கல்லும் கரியமண் சதுப்பும். கிராவல் சைக்கிளுக்கு வெள்ளை பீக்தான் உகந்தது. கருப்பு பீக்கின் மேட்டுப் பாதைகளில் படிப்படியான பாறையும் சதுப்பும் மாறி மாறி வரும். அது மலைச்சைக்கிள் ஆட்களின் சொத்து. அங்கே விதிவிலக்கு, டெர்வென்ட் பள்ளத்தாக்கின் நீர்த்தேக்கங்களைச் சுற்றும் தடம்: ஃபேர்ஹோம்ஸில் தொடங்கி, ஒரு கரையில் சின்னச் சாலையில் மேலேறி, ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் ஆற்றைக் கடந்து, மறுகரையில் கப்பித் தடத்தில் திரும்பலாம். அரைநாளுக்கு நிம்மதியான சுற்று.

முதலில் எதை ஓட்டுவது என்றால், என் தேர்வு வெள்ளை பீக்கின் பழைய ரயில் பாதைகள். ரயில் சரிவை விரும்பாது என்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும், அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்திருப்பதால் குளிர்காலத்திலும் சேறு குறைவு. டிசிங்டன் டிரெயில் ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹேவரை 21 கி.மீ.; 200 மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள், ஆனால் காலுக்கு அது தெரியவே தெரியாது. தொடக்கத்தில் பழைய பாலம் இல்லாத ஓரிடத்தில் சட்டென்று ஒரு இறக்கமும் ஏற்றமும் வரும், அவ்வளவுதான். பார்ஸ்லி ஹேயில் ஹை பீக் டிரெயில் வந்து சேர்கிறது. அதில் தென்கிழக்கே லாங்கிளிஃப்வரை வந்து, பிராசிங்டன் கிராமம் வழியாகச் சின்னத் தார்ச்சாலைகளில் ஆஷ்போர்னுக்குத் திரும்பினால் ஏறத்தாழ 50 கி.மீ. உண்மையான ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தக் கடைசித் தார்ச்சாலைப் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. சக்தியை அதற்கு மிச்சம் வையுங்கள்.

லாங்கிளிஃபில் திரும்பாமல் ஹை பீக் டிரெயிலிலேயே தொடர்ந்தால் ஹாப்டன் சரிவு வரும், 14க்கு 1. அதற்கப்பால் மிடில்டன் சரிவு சுமார் 8க்கு 1, அதாவது 12 சதவீதம். 1829இல் கட்டிய நீராவி எந்திரம் கயிறு கட்டி வண்டிகளை இழுத்த இடம் அது. எந்திரக்கூடம் இன்னும் மேலே நிற்கிறது. ரயில் பாதை என்று நம்பி வேகமாக வந்தால் நடப்பவர்கள் மேல் போய் இடிக்க நேரும். பேக்வெல் அருகே தொடங்கும் மான்சல் டிரெயில் 13.7 கி.மீ.தான், 2011இல் சுரங்கங்கள் திறக்கப்பட்ட பிறகு ஒரே மூச்சில் ஓட்ட முடிகிறது. சுரங்கத்தில் பகல் நேரத்துக்குத்தான் விளக்கு எரியும். வார இறுதியில் குழந்தைகளும் நாய்களும் நிறைந்திருக்கும். காலை ஒன்பதுக்கு முன் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தெற்குக் குன்றுகளையும் பீக் டிஸ்ட்ரிக்டையும் தாண்டிப் பார்க்க வேண்டியவை பல. நார்தம்பர்லாந்தின் கீல்டர் காட்டில் மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட கப்பிச் சாலைகள் முடிவில்லாமல் போகின்றன; டர்ட்டி ரீவர் என்ற 200 கி.மீ. கிராவல் ஓட்டம் 2016 முதல் அங்கே நடந்துவருகிறது. மரம் வெட்டுகிறார்கள் என்று பலகை வைத்து மூடியிருந்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் சுற்றிப் போங்கள். சரிவில் அடுக்கிய மரக்கட்டைகள் உருளும். லேங்கஷயரில் ஸ்லெய்ட்பர்னிலிருந்து ஹார்ன்பி பக்கம் போகும் சால்ட்டர் ஃபெல் தடம், லேக் டிஸ்ட்ரிக்டில் டாக்ரேயிலிருந்து செயின்ட் ஜான்ஸ் இன் த வேல் பள்ளத்தாக்குக்குப் போகும் ஓல்ட் கோச் ரோடு, இரண்டும் 400 மீட்டருக்கு மேல் ஏறும். கல் முரடு, 45 மி.மீ. டயர் இல்லாமல் மகிழ்ச்சி இருக்காது. லேக் டிஸ்ட்ரிக்டின் மற்ற கணவாய்ப் பிரைடில்வேக்கள் பெரும்பாலும் தோளில் சுமக்கும் சமாசாரம். பிரைடில்வே என்பது உரிமைக்குத்தான் சான்று, ஓடும் என்பதற்கு அல்ல. அந்த 1968ஆம் ஆண்டுச் சட்டமே, சைக்கிளுக்கு வசதியாகப் பாதையைச் சீர்செய்யும் கடமை யாருக்கும் இல்லை என்று சொல்லித்தான் அனுமதி தந்தது.

இனி வண்டி. உங்கள் கியரில் 40க்கு 42, அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 0.95 சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ, புல் தரையில் 15 சதவீத ஏற்றம் என்று வைத்தால் அதற்கு 310 வாட் சக்தி வேண்டும். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க மாட்டார். இறங்கித் தள்ளியதற்குக் காரணம் இது. முன் செயின்ரிங்கை 34 பல்லாக மாற்றினால் விகிதம் 0.81, அதே மிதிவேகத்தில் 6.4 கி.மீ., தேவை 265 வாட். இழப்பு என்ன? உச்சக் கியரில் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கி.மீ.தான் வரும். குன்றுப் பாதையில் யாருக்கு அதற்கு மேல் வேண்டும்? பெரிய கேசட், புது டிரெய்லியர் என்று செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு வட்டத்தை மாற்றுங்கள். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி குறைக்க வேண்டிவரலாம். உங்கள் கிராங்க் 34ஐ ஏற்குமா என்று போல்ட் அமைப்பைப் பார்த்து வாங்குங்கள்.

செங்குத்துப் புல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழலும், உட்கார்ந்தே பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்ற வேண்டும். பாரம் ஏறிய பின் மாற்றினால் செயின் அறுந்துபோகலாம்.

டயர் டியூப்லெஸாக இருக்கட்டும். இதில் விவாதமே வேண்டாம், காரணம் வேலிச்செடி. இங்கே வயல் வேலிகளை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பொதுவாக வெட்டக் கூடாது. செப்டம்பரில் எந்திரம் வைத்து அரைக்கத் தொடங்குவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் பாதையெங்கும் சிதறிக் கிடக்கும். டியூப் போட்ட சைக்கிளுக்கு ஒரு வேலியோரத்தில் நாலைந்து பஞ்சர் சாதாரணம். 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மில்லிலிட்டர் சீலண்ட் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், சலசலப்பு இல்லை என்றால் காய்ந்துவிட்டது. 75 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐயில் தொடங்கலாம், 45 மி.மீ. என்றால் 26, 30. சக்கிமுக்கிக்கல் பகுதியில் இதற்குக் கீழே போகாதீர்கள், ரிம் அடிபடும். ஃப்ரேம் இடம் கொடுத்தால் 45க்கு மாறுங்கள், ஆனால் இருபுறமும் 6 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும்.

கிழிசல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ரப்பர் பிளக் தாங்கும். ஓட்டையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், பிளக்கை முக்கால்வாசி உள்ளே தள்ளிக் கருவியை உருவுங்கள், காற்றடித்து, சீலண்ட் அங்கே தங்கும்படி ஒரு நிமிடம் பொறுங்கள். அதைவிடப் பெரிய கிழிசலுக்கு உள்ளிருந்து ஒட்டு வைக்க வேண்டும்; பழைய டயரில் வெட்டிய 4க்கு 7 செ.மீ. துண்டு ஒன்று போதும். அதன்மேல் டியூப் போட வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு: டயருக்குள் மாதக்கணக்காகக் குத்தி நின்று, சீலண்டால் அடைபட்டிருந்த முட்கள் புது டியூபை உடனே குத்தும். டியூப் போடும் முன் உட்சுவர் முழுவதையும் துணியால் தடவி, ஒவ்வொரு முள்ளையும் குறடால் பிடுங்குங்கள். பத்து நிமிட வேலை. சின்னதாக ஒரு குறடு பையில் இருக்கட்டும்.

பிரேக் பேடும் கவனிக்க வேண்டியது. ஈரச் சாக்கும் கிரிட்ஸ்டோன் மணலும் உப்புத்தாள் போல் தேய்க்கும். ரெசின் பேடுகள் ஒரே மழைநாளில் தீர்ந்துபோவதுண்டு. ஈரக் காலத்துக்கு உலோகப் பேடு போடுங்கள். உங்கள் டிஸ்க் 'ரெசின் மட்டும்' என்று எழுதியிருந்தால் அது கூடாது. ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் வெள்ளைப் பசை காய்வதற்குள் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தக் குழாயைப் பேரிங் பக்கம் காட்டக் கூடாது.

கால்நடை, கேட், மனிதர் பற்றிச் சுருக்கமாக: கேட்டைத் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே ஓட்டாதீர்கள், இறங்கிச் சுற்றி நடங்கள். குதிரைக்குப் பின்னாலிருந்து வந்தால் தூரத்திலேயே குரல் கொடுங்கள். மணியைவிட மனிதக் குரலுக்குக் குதிரை மிரளாது. ஜூன் கடைசிக்கு மேல் பாதையோரச் செந்தட்டி தோள் உயரம் வளர்ந்து தோலைப் பதம் பார்க்கும். மாலையில் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் இங்கே உண்டு.

இப்போது உங்கள் சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன்வரை 160 கி.மீ., மொத்த ஏற்றம் சுமார் 4,000 மீட்டர். உச்சியான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். பிறகு எப்படி நாலாயிரம்? முகட்டை மீயன், ஆரன், ஏடர், ஊஸ், கக்மியர் என்று ஆறுகள் குறுக்கே அறுத்துப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் அடிவரை இறங்கி, மறுகரையில் மறுபடி ஏற வேண்டும். ஆம்பர்லியில் ஆரன் ஆற்றுப் பாலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே. அடுத்து ஏற வேண்டிய ராக்ஹம் ஹில் 190 மீட்டரைத் தாண்டும். காலையில் குளிர்ந்த தசையோடு அதில் ஏறுவது கசக்கும், ஆனாலும் இரவுத் தங்கலுக்கு ஆம்பர்லிதான் சரி: வின்செஸ்டரிலிருந்து ஏறத்தாழ 77 கி.மீ., ரயில் நிலையம் பாதையருகிலேயே இருக்கிறது, முடியவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடலாம். இரண்டாம் நாளில் அப்படி விலக சவுத்ஈஸ் நிலையம் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டுங்கள். வழக்கமான காற்று தென்மேற்கிலிருந்து வருவது. மே நடுவிலிருந்து செப்டம்பர்வரை, மூன்று நாள் மழையில்லாத வார நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜூனில் இரவு ஒன்பதுவரை வெளிச்சம் இருக்கும்.

சாக் தண்ணீரைக் குடித்துவிடுவதால் முகட்டில் ஓடையோ கடையோ கிடையாது. இரண்டு லிட்டராவது எடுத்துச் செல்லுங்கள். காக்கிங் அருகிலும், ஏடர் ஆற்றோரம் பாடல்ஃப்ஸிலும், சவுத்ஈஸ் தேவாலயத்திலும் குடிநீர்க் குழாய் உண்டு. கண்ட இடத்தில் கூடாரம் போடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் டார்ட்மூரின் பகுதிகள் தவிர மற்ற இடங்களில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும்.

இது பிடித்துப்போனால் அடுத்தது கிங் ஆல்ஃபிரட்ஸ் வே: சைக்கிளிங் யூகே 2020இல் வகுத்த 350 கி.மீ. வட்டம், வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரிட்ஜ்வே, ஃபார்னம் வழியாகச் சுற்றி அங்கேயே முடிவது. சாக்கும் மணலும் இரண்டும் வருவதால் எந்த வானிலையிலும் ஏதாவது ஒரு பகுதி உங்களைத் திட்டும். நான்கு நாள் ஒதுக்குங்கள்.

கடைசியாக ஒரு திருப்பம். அல்ஃபிரிஸ்டனில் சவுத் டவுன்ஸ் வே இரண்டாகப் பிரியும். கடலோரச் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறை முகட்டில் போகும் கிளை ஃபுட்பாத்; படங்களில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். சைக்கிளுக்கு உரியது விண்டோவர் ஹில் ஏறி, ஜெவிங்டன் கிராமத்தில் இறங்கி, மறுபடி ஒரு முறை ஏறி ஈஸ்ட்போர்னுக்குப் போகும் உள்வழி. செயலியில் ஏற்றும் பல ஜிபிஎக்ஸ் பாதைக் கோப்புகள் நடப்பவர்கள் பதிவுசெய்தவை, கடலோரக் கிளையில்தான் போகும். கிளம்புவதற்கு முந்தின நாளே உங்கள் கோப்பில் ஜெவிங்டன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.